ஜேபெக்கா, பிஎன்ஜியா, டிஃப்பா? பழைய படங்களையும் கொப்பிகளையும் எதில் சேமிப்பது

போன வாரம் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து ஒரு தங்கச்சி படம் ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய அம்மம்மாவின் கல்யாணப் படம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் புகுந்த வீட்டில், அலுமாரிக்கு அடியில் சேற்றோடு கிடந்து மிஞ்சியது. இடது பக்கம் உப்புநீர் ஊறி மஞ்சளாகிவிட்டது. மாப்பிள்ளையின் தோள் பாதி கரைந்துவிட்டது. "அண்ணா, ஸ்கேன் பண்ணும்போது ஜேபெக்கா, பிஎன்ஜியா, டிஃப்பா என்று மெஷின் கேட்குது. எதை அமத்த?" என்றார்.

மூன்றும் படத்தைக் கோப்பாகச் சேமிக்கிற வடிவங்கள் (JPEG, PNG, TIFF). வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிற பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். கூத்துப் பாட்டெழுதிய கொப்பி வைத்திருக்கிற குடும்பங்கள், கோவில் ஏடுகளைப் பாதுகாக்கிற வண்ணக்கர்மார் (கோவில் நிருவாகிகள்), காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) பிரதியெடுக்க வருகிறவர்கள் என்று எல்லோருக்கும் அந்த இடத்தில் கை தயங்குகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதில் இருந்து தொடங்குகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் முதலில் கேட்பது, இந்த மூலம் நாளைக்கும் இருக்குமா என்பதைத்தான். மற்ற எல்லாக் கேள்வியும் இதற்குப் பிறகுதான். காரணம் சொல்கிறேன்.

2010இல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஓர் ஊரில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் தன் வடமோடிக் கூத்துக் கொப்பியைப் படம் எடுக்க விட்டார். சாதாரண அப்பியாசக் கொப்பி, நீலப் பேனா எழுத்து. என்னிடம் இருந்த கமெராவில் சிறிய மெமரி கார்ட். இடம் போதாது என்று 1600க்கு 1200 புள்ளி (பிக்சல்) என்ற சிறிய அளவில், ஜேபெக்கின் நடுத்தரத் தரத்தில் வைத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரித்து எடுத்தேன். பிறகு நிதானமாக வந்து எடுக்கலாம் என்று நினைத்தேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. கொப்பி போய்விட்டது.

இன்றைக்கு அந்தக் கொப்பி என்றால் என்னிடம் இருக்கிற அந்தப் படங்கள்தான். விரித்த கொப்பி ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர் அகலம். அதற்கு 1600 புள்ளிகள் என்றால் ஒரு மில்லிமீற்றருக்கு ஐந்து புள்ளிகூட இல்லை. பேனாவால் வைத்த ஒரு மெய்யெழுத்துப் புள்ளி, படத்தில் இரண்டு பிக்சல் அகலம்தான் வரும். ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் பிரிக்கிற அந்தச் சின்னச் சுழி அடைபட்டுப் போயிருக்கிறது. படை வருகிற இடத்தில் ஒரு வரி. அதில் இருப்பது 'கொடி'யா 'கோடி'யா என்று பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்க்கிறேன். இரண்டுமே பொருந்துகிறது. கேட்பதற்கு அண்ணாவியாரும் இப்போது இல்லை.

அதனால்தான் மூலத்தைப் பற்றிய கேள்வியை முதலில் வைக்கிறேன். இரண்டாவது, படத்தை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பது. பார்க்க மட்டும் ஒரு படம், திருத்தி மீட்க ஒரு படம், அளந்து எண்ணிக்கை எடுக்க ஒரு படம் என்று தேவை மாறும். மூன்றாவது இடமும் டேட்டாவும். நான்காவது, கொடுக்கிற இடத்தில் இன்றைக்குத் திறக்குமா, இருபது வருஷம் கழித்தும் திறக்குமா என்பது.

## ஜேபெக்

1992இல் தரமாக்கப்பட்டது. இதன் அடியில் இருக்கிற கணக்கு 1974இல் நசீர் அஹமதும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டது. படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கண் கவனிக்காத நுணுக்கமான மாற்றங்களை எறிந்துவிடுவதுதான் இதன் வேலை. நிறத்தைப் பெரும்பாலும் இன்னும் தாராளமாகக் குறைக்கும், ஏனென்றால் நம் கண்ணுக்கு ஒளி வித்தியாசம் தெரிகிற அளவுக்கு நிற வித்தியாசம் தெரியாது.

கல்லடிப் பாலத்தில் நின்று எடுத்த விடியற்கால வாவிப் படத்துக்கு இது அருமையான ஏற்பாடு. வானமும் தண்ணீரும் மெல்ல மெல்ல மாறுகிறவை. பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கினாலும் ஒன்றும் தெரியாது. எழுத்துக்கு அப்படி இல்லை. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்பது திடீர் மாற்றம். கட்டத்துக்குள் அதைத் தாங்க முடியாமல், எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போல மங்கல் துகள்கள் வரும். என் கூத்துக் கொப்பிப் படங்களில் ஒரு கட்டம் என்பது தாளில் 1.7 மில்லிமீற்றர். ஒரு கொம்பின் சுழி முழுவதும் ஒரே கட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது.

ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஜேபெக்கைத் திறந்து பார்த்தாலோ, பென் டிரைவுக்குப் பிரதி எடுத்தாலோ தரம் குறையாது. திருத்தி மறுபடி சேமிக்கும்போதுதான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானாகவே அளவைக் குறைத்து மறுபடி சுருக்கும். அதே கோப்பை டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

கோவில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, பத்திரிகைக்கு அனுப்பும் படம், விண்ணப்பப் படிவத்துக்கான முகப்படம் எல்லாவற்றுக்கும் ஜேபெக்கே போதும். தரத்தை 100இல் 90க்கு மேலே வையுங்கள். மாமாங்கத் திருவிழாவில் எடுத்த இரண்டாயிரம் படத்தை டிஃப்பில் வைத்து இடத்தை அடைக்கத் தேவையில்லை.

## பிஎன்ஜி

ஜிஃப் (GIF) என்ற பழைய பட வடிவம் 1987இல் வந்தது. அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைக் கட்டணம் கேட்கப்போகிறார்கள் என்று 1994 கடைசியில் தெரியவந்ததும், யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லாத ஒன்றாக பிஎன்ஜியைச் செய்தார்கள். 1996இல் அது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையானது. ஜிஃப்பில் 256 நிறம்தான். பிஎன்ஜியில் முழு நிறமும் உண்டு, பின்னணி தெரியாமல் விடுகிற வசதியும் உண்டு. எல்லாவற்றையும் விட, ஒரு புள்ளியைக்கூட இழக்காது.

திரைப்பிடிப்பு, வரைபடம், தமிழ் எழுத்தோடு கூடிய அட்டவணை, சங்கத்துச் சின்னம் ஆகியவற்றுக்கு இதைத்தான் எடுக்க வேண்டும். எழுத்தின் ஓரம் கூராக நிற்கும். ஒரே நிறப் பரப்பு நிறைய இருந்தால் கோப்பும் சிறிதாகவே இருக்கும். ஆனால் புகைப்படத்தை பிஎன்ஜியில் சேமித்தால் ஜேபெக்கை விடப் பல மடங்கு பெருக்கும். அச்சகத்துக்குத் தேவையான நான்கு மை நிறப் பிரிப்பையும் இது ஏற்காது. கலியாணக் கார்ட் வேலைக்கு பிஎன்ஜியைக் கொண்டுபோனால் அங்கே மாற்ற வேண்டி வரும், நிறமும் கொஞ்சம் மாறும்.

டிஃப் திறக்கத் தெரியாத வீடுகளுக்கு, கொப்பிப் பக்கங்களை இழப்பில்லாமல் கொடுக்க நான் பிஎன்ஜியைத்தான் பயன்படுத்துகிறேன். எந்தத் தொலைபேசியிலும் திறக்கும்.

## டிஃப்

1986இல் அல்டஸ் நிறுவனம் ஸ்கேனர்களுக்காகவே உருவாக்கியது. 6.0 என்ற பதிப்பு 1992இல் வந்தது. அதற்குப் பிறகு அடிப்படையில் பெரிதாக மாறவில்லை. பழையது என்று ஒதுக்க வேண்டாம். இத்தனை காலம் மாறாமல் நின்றதால்தான் ஆவணக் காப்பகங்கள் இதை நம்புகின்றன.

செலவு என்றால் இடம்தான். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) நிறத்தோடு எடுத்தால் 2480க்கு 3508 புள்ளி, சுருக்காமல் ஏறக்குறைய 26 எம்பி. 120 பக்கத்துக்கு 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே. அதையே நல்ல ஜேபெக்கில் வைத்தால் பக்கத்துக்கு 2 முதல் 4 எம்பி வரும். கேட்கப் பயமாக இருந்தாலும், ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் இப்படி 38,000 பக்கம் அடங்கும். ஒரு ஊரின் கூத்துக் கொப்பி எல்லாவற்றையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

கல்லடித் தங்கச்சியின் படத்துக்கு நான் டிஃப் என்று சொன்னதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் (8 பிட்). டிஃப்பை 16 பிட்டில் எடுத்தால் 65,536. நீர் ஊறி மங்கிய பக்கத்தில் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான தூரம் சுருங்கிக் கிடக்கும். அந்த இடைவெளிக்குள் 256இல் 40 படிதான் அகப்படுகிறது என்று வையுங்கள். 16 பிட்டில் அதே இடைவெளிக்குள் பத்தாயிரம் படிகள் இருக்கும். இழுத்து விரிக்கும்போது முதலாவது திட்டுத் திட்டாக உடையும், இரண்டாவது பொறுத்துக்கொள்ளும். 600 டிபிஐ, 16 பிட், ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு எடுத்தோம். 4க்கு 6 அங்குலப் படம் 52 எம்பி வந்தது. மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு போகையில் தோளில் இருந்த சால்வையின் கரை தெரிய வந்தது. தங்கச்சி அதற்கு மேலே ஒன்றும் திருத்த விடவில்லை. கரைந்த இடம் கரைந்தபடியே இருக்கட்டும் என்றார்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. டிஃப் ஒரு பெட்டி மாதிரி, அதற்குள் ஜேபெக் முறையில் சுருக்கியும் வைக்கலாம். சேமிக்கும்போது சுருக்கம் எது என்று கேட்டால் 'இல்லை' என்றோ எல்இசட்டபிள்யூ (LZW) என்றோ கொடுங்கள். எல்இசட்டபிள்யூ இழப்பில்லாதது, அதன் காப்புரிமைகளும் எப்போதோ முடிந்துவிட்டன. அடுத்தது, பெரும்பாலான உலாவிகள் டிஃப்பைக் காட்டாது. அதனால் டிஃப் வைத்திருக்கிறவர்கள் பார்ப்பதற்கென்று ஒரு ஜேபெக் பிரதியும் எடுத்தே ஆக வேண்டும். அது இரட்டை வேலை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## ரோ

ஸ்கேனரில் வைக்க முடியாதவற்றுக்கு இது, கமெராவே தருகிற வடிவம் (RAW). கண்ணகி அம்மன் கோவில்களில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கை ஒட்டி வெளியே எடுக்கிற ஏடுகள் இருக்கின்றனவே, அவற்றைக் கண்ணாடியில் அழுத்தினால் ஓலை வெடிக்கும். மேலே இருந்து கமெராவால்தான் எடுக்க வேண்டும். ஏட்டில் எழுத்து கீறப்பட்டது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துவிட்டால்தான் கீறலின் பள்ளம் தெரியும், அப்படிச் செய்தால் ஓலையின் ஒரு முனை மற்ற முனையை விட இருண்டுவிடும். ரோ என்பது கமெராவின் உணரி பார்த்ததை 12 அல்லது 14 பிட்டில் அப்படியே தருவது. இருண்ட முனையைப் பிறகு தூக்கி எடுக்கலாம்.

பழைய ஏடுகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி வைப்பதில்லை. ஜேபெக்கின் துகள் ஒன்று எழுத்தின் தலையில் விழுந்தால், இல்லாத புள்ளியை இருப்பதாக வாசித்துவிடுவோம். அதனால் ஏட்டு வேலையில் ஜேபெக்கை மூலமாக வைத்துக்கொள்ள நான் சம்மதிக்கவே மாட்டேன்.

ரோவில் உள்ள சிக்கல், ஒவ்வொரு கமெரா நிறுவனத்துக்கும் தனித்தனி வடிவம் என்பது. 2004இல் அடோபி பொதுவான ஒன்றாக டிஎன்ஜியை வெளியிட்டது, எல்லோரும் அதற்கு மாறவில்லை. அதனால் ரோவில் எடுத்து, 16 பிட் டிஃப்பாக மாற்றி, இரண்டையும் வைத்திருங்கள்.

## தொலைபேசி தருகிற ஹெயிக், இணையம் தருகிற வெப்பி

ஐபோன்கள் 2017இல் இருந்து ஹெயிக் (HEIC) வடிவத்தில் சேமிக்கின்றன. ஜேபெக்கின் பாதி அளவில் அதே தரம் கிடைக்கும். ஆனால் டவுனில் அச்செடுக்கக் கொண்டுபோனால் சில கடைக் கணினிகளில் திறக்காது. கமெரா அமைப்பில் 'அதிகம் இணக்கமானது' என்று மாற்றிவிட்டால் ஜேபெக்கில் எடுக்கும். வெப்பி (WebP) கூகுள் 2010இல் கொண்டுவந்தது, இணையத்தளத்தில் போட நல்லது. நீள அகலம் 16,383 புள்ளிக்கு மேலே போகாது, சாதாரணச் சுருக்கத்தில் 8 பிட்தான். காப்பதற்கு இரண்டும் வேண்டாம்.

## பிடிஎஃப்: காணி உறுதிக்காரர்களுக்கு

கடையில் ஸ்கேன் பண்ணச் சொன்னால் பிடிஎஃப்தான் வரும். பல பக்கத்தை ஒன்றாகக் கட்டுகிற உறை அது. உள்ளே இருக்கிற படம் பெரும்பாலும் ஜேபெக். வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கொடுக்க அது வசதிதான். ஆனால் கறுப்பு வெள்ளையில் இறுக்கிச் சுருக்கினால் முத்திரையின் சிவப்பும் நீலமும் போய்விடும், மங்கிய கையொப்பம் காணாமல் போகும்.

இலக்கங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் என்ற கணினி வல்லுநர், ஒரு வகைப் பிரதி இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது 6ஐ 8 ஆக மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஜேபிக்2 (JBIG2) என்ற சுருக்க முறை, ஒன்றுபோலத் தெரிகிற எழுத்து வடிவங்களை ஒரே வடிவமாக எண்ணி மாற்றி ஒட்டியதுதான் காரணம். மங்கலாக வந்தால் நமக்கே சந்தேகம் வரும். இது தெளிவாக, பிழையாக வந்தது. காணியின் பரப்பும் உறுதி இலக்கமும் எல்லை அளவும் எழுதிய தாளுக்கு இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உறுதியை நிறத்தில், 300 டிபிஐயில் டிஃப்பாகவோ பிஎன்ஜியாகவோ ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அதில் இருந்து பிடிஎஃப் செய்யுங்கள். இலக்கங்களை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டும் பாருங்கள்.

## ஆய்வுப் படங்கள்

ஒரு மாணவி கண்டல் இலைகளில் உள்ள புள்ளி நோயை எண்ணிக்கொண்டிருந்தார். இலையைப் படம் எடுத்து, இமேஜ்ஜே (ImageJ) என்ற மென்பொருளில் நிற எல்லை வைத்து, கறை எத்தனை வீதம் என்று கணக்கிடுவது. நோயில்லாத இலையிலும் கறை காட்டியது. பெருப்பித்துப் பார்த்தால் இலையின் ஓரம் முழுக்க ஜேபெக்கின் துகள்கள். மென்பொருள் அவற்றையும் எண்ணிவிட்டது. அளக்கப் போகிற படம் என்றால் எடுக்கும்போதே டிஃப்பிலோ ரோவிலோ எடுக்க வேண்டும். ஆய்விதழ் டிஃப் கேட்கிறது என்று கடைசி நாளில் ஜேபெக்கை டிஃப்பாக மாற்றி அனுப்பினால் பெயர்தான் மாறும், போனது திரும்பாது. நுண்ணோக்கிப் படத்துக்கும் இதே கதைதான். நுண்ணோக்கியின் சொந்த வடிவத்தில் உருப்பெருக்கமும் அளவுகோலும் சேர்ந்திருக்கும், அதையும் அழிக்காமல் வையுங்கள்.

வாவியைச் செய்மதிப் படத்தில் பார்க்கிறவர்களுக்கு ஜியோடிஃப் (GeoTIFF). லாண்ட்சாட் செய்மதியின் படங்கள் அதில் வருகின்றன. சென்டினல் 2 செய்மதியின் 10 மீற்றர் படங்கள் ஜேபெக் 2000இல் வருகின்றன. பெயரைப் பார்த்து ஜேபெக் என்று பயப்பட வேண்டாம், அது வேறு முறை, இழப்பில்லாமலும் சுருக்கத் தெரிந்தது. இந்தக் கோப்புகளுக்குள் ஒவ்வொரு புள்ளியும் பூமியில் எந்த இடம் என்ற கணக்கும் இருக்கிறது. சாதாரண ஜேபெக்காக ஏற்றுமதி செய்தால் அந்த இடக் கணக்கு கழன்றுவிடும், 12 பிட்டில் அளந்த ஒளி 8 பிட்டுக்குள் நசுங்கிவிடும். அறிக்கையில் ஒட்ட மட்டும் அதைச் செய்யுங்கள்.

எக்ஸ்ரே, சிடி ஸ்கான் எடுத்தவர்கள் வைத்தியசாலை டைகொம் (DICOM) என்ற மருத்துவப் பட வடிவக் கோப்புள்ள சீடி தந்தால் வாங்கி வைத்திருங்கள். படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்துத் தொலைபேசியில் எடுத்த ஜேபெக் அதற்கு ஈடாகாது.

## ஒரே பார்வையில்

| வடிவம் | இழப்பு | இடம் | எங்கே திறக்கும் | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| ஜேபெக் | உண்டு | மிகக் குறைவு | எங்கும் | பகிர, அச்சிட, மறுபடி எடுக்கக்கூடிய படங்கள் |
| பிஎன்ஜி | இல்லை | நடுத்தரம், புகைப்படத்துக்கு அதிகம் | எங்கும் | எழுத்து, கோடு, திரைப்பிடிப்பு, வீட்டுக்குக் கொடுக்கும் கொப்பிப் பிரதி |
| டிஃப் | இல்லை (சுருக்கம் பார்த்து) | அதிகம் | பட மென்பொருள்கள் | திரும்பக் கிடைக்காத படம், கொப்பி, உறுதி, அளவீடு |
| ரோ | இல்லை (பெரும்பாலும்) | அதிகம் | சில மென்பொருள்கள் | ஏடு, பெரிய வரைபடம், கடினமான வெளிச்சம் |
| ஹெயிக், வெப்பி | பெரும்பாலும் உண்டு | மிகக் குறைவு | புதிய கருவிகள் | தொலைபேசி, இணையத்தளம் |
| பிடிஎஃப் | உள்ளே இருப்பதைப் பொறுத்தது | குறைவு | எங்கும் | அலுவலகத்துக்குக் கொடுக்க |

## எங்கே வைப்பது

டிஃப்பாக எடுத்து ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்து, அது பழுதானால் எல்லாம் போய்விடும். அதனால் வடிவத்துக்குச் செலவழிக்கிற இடத்தை இரண்டால் பெருக்கித்தான் கணக்குப் பார்க்க வேண்டும், முடிந்தால் மூன்றால். இரண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. கடலோரமான எழுவான்கரைக்குக் கடலால் பயம், படுவான்கரைக்கு வெள்ளத்தால் பயம். தங்கச்சியின் படம் இப்போது அவருடைய கல்லடி வீட்டில் ஒன்று, கொக்கட்டிச்சோலையில் சின்னம்மா வீட்டில் ஒன்று, கண்டியில் தம்பியிடம் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருதரம், தைப்பொங்கலுக்குக் கூடும்போது, மூன்றையும் திறந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.